மைக் செட் வாடகை

கேள்வி: எங்கள் தெருப் பிள்ளைகள் பொங்கலுக்கு நாடகம் போட நன்கொடை கேட்கிறார்கள். கொடுத்தால் என்ன லாபம்?
– ஒரு வாசகர், வெம்பக்கோட்டை

பதில்: 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய சிறுவர் நாடக சபையில், ஆறு வயதில் சேர்ந்தவர் தி.க.சண்முகம். அந்தப் பொடியன்தான் பின்னாளில் ஔவையாராகவே நடித்து 'ஔவை சண்முகம்' ஆனார். எல்லாப் பிள்ளையும் அப்படி ஆக வேண்டியதில்லை. ஒத்திகையில் ஒருவன் வசனத்தை மறந்தால், அடுத்தவள் மெல்ல எடுத்துக் கொடுக்கிறாளே, அந்தப் பழக்கம் எந்த டியூஷனில் கிடைக்கும்? உங்கள் ஊரில் தயாராகும் பட்டாசு சில நிமிடத்தில் குப்பையாகிவிடும். மேடையில் திறந்த வாய் கிராம சபையிலும் நேர்முகத் தேர்விலும் ஆயுசுக்கும் வெடிக்கும். மைக் செட் வாடகையைக் கொடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுங்கள். அதற்குச் செலவே இல்லை!