இடுப்பில் எந்தத் துப்பாக்கி? கேள்வி-பதில்

கே: டெக்சஸ்வாசி, கிரீன் கார்டு உண்டு. மறைத்து எடுத்துப்போக, இருப்பதிலேயே குட்டித் துப்பாக்கியை வாங்கிவிடலாமா?

ப: குட்டிதான் அதிகம் உதைக்கும். எடை குறையக் குறைய அந்த உதை முழுக்க உங்கள் மணிக்கட்டில் இறங்கும். பிடியில் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்ததும் சுடுகூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டீர்கள். பழகாத துப்பாக்கியால் ஆபத்து உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும்தான். 2018-ல் வந்த சிக் சாவர் பி365 சிறியது, 10 தோட்டா. கிளாக் 19 சற்றுப் பெரியது, 15 தோட்டா, சுடுவதற்கு இதம். வாடகைக்குத் தரும் சுடுகூடத்தில் இரண்டையும் சுட்டுப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

கே: 9 மி.மீ. தோட்டா போதுமா?

ப: போதும். 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பின் பெரிய தோட்டாவைத் தேடிப்போன எஃப்.பி.ஐ.யே 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது.

கே: பெண்களுக்கு ரிவால்வர்தான் ஏற்றது என்கிறாரே கடைக்காரர்?

ப: விசையை இழுக்கப்போவது அவர் விரலா? சின்ன ரிவால்வரின் விசை கனமானது, உள்ளே பெரும்பாலும் 5 தோட்டாதான். பிஸ்டலின் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கக் கையில் வலு இல்லாதவருக்கு ரிவால்வர் உதவும், ஆணோ பெண்ணோ.

கே: பேன்ட் பாக்கெட் இருக்கும்போது உறைக்கு வேறு செலவா?

ப: கட்டாயம். கிளாக்கில் விரலால் தள்ளிப் போடும் சேஃப்டி பொதுவாகக் கிடையாது. பாக்கெட்டில் கிடக்கும் சாவி விசையில் மாட்டினால் குண்டு உங்கள் தொடையில். விசைப் பகுதியை முழுக்க மூடும் கெட்டியான உறையும் துவளாத பெல்ட்டும் வாங்குங்கள். திரும்பச் செருகும்போதுதான் அதிக கவனம் வேண்டும்: விரல் விசைக்கு வெளியே, சட்டை நுனியை விலக்கி, கண்ணால் பார்த்து, நிதானமாக.

கே: எச்1பி விசாவில் வாங்கலாமா?

ப: பொதுவாகக் கூடாது, கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் நண்பரின் துப்பாக்கியைக்கூடத் தொடாதீர்கள். சிறை, நாடுகடத்தல் வரை போகும்.

கே: இரவில் தலையணைக்கு அடியில் வைக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். பூட்டிய பெட்டியில் வையுங்கள். திறக்கும் எண் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால், சட்டப்படி வெளியே எங்கே ஒப்படைத்து வைக்கலாம் என்று இன்றைக்கே விசாரியுங்கள்.