அரைவிலை அண்ணன்

ஜொகூரில் தண்ணீரைப் பற்றித் தெரியாதவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. 2006 டிசம்பரில் மூழ்கிய கோத்தா திங்கி, வீடு கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் மறுபடியும் மூழ்கியது. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பக்கம் ஏறிய தண்ணீர், வந்த விருந்தாளி கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருப்பது போல வாரக்கணக்கில் தங்கியது. சிகாமாட்டில் சொந்தக்காரர் இருந்தால், நவம்பர் பிறந்ததும் போன் போட்டு முதலில் ஆற்றைத்தான் விசாரிப்போம். அத்தையின் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் அதற்குப் பிறகு. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கூட அறை எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் சுவரைத் தடவி, சாயம் எந்த உயரத்தில் நிறம் மாறியிருக்கிறது என்று பார்ப்பார்.

அரைவிலை அண்ணனும் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்தான். ஒரு சுவரை அவரிடம் காட்டினால், “இடுப்பளவு ஏறியிருக்கு, ரெண்டு நாள் நின்னிருக்கு, இந்த வீடு வேணாம் தம்பி” என்று நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்வார். அதே தண்ணீர் இரண்டு கதவு வைத்த ஒரு காரில் ஏறியிருந்தால் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது. 

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்கூடாய், மாசாய், கூலாய் என்று எந்தப் பக்கம் போனாலும் தாமானுக்கு ஒருவர் இருக்கிறார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். சம்பளம் சிங்கப்பூர் டாலரில், ஆசை ஜப்பானில், பேரம் மட்டும் பாசார் மாலாமில். சின்னப் பையனாக இருந்தபோது பாசிர் கூடாங் பந்தயத் தடத்துக்கு மாமாவோடு போனவர். 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமே அங்கே நடந்தது. அப்போது காதில் புகுந்த சத்தம் இன்னும் வெளியே வரவில்லை.

அவருடைய கொள்கை எளிமையானது. உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் இரண்டு விலை உண்டு: ஒன்று ஊராருக்கு, அதில் பாதி அவருக்கு. டுரியான் கடையில் இந்தக் கொள்கை ஒருவாறு செல்லுபடியாகும். ஏமாந்தாலும் ஒரு பழத்தோடு போய்விடும். காருக்கும் அதையே நீட்டித்ததில்தான் கதை ஆரம்பிக்கிறது.

பாதி விலைக்கு ஒரு கார் வந்தால் நமக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். அண்ணனுக்கோ காரணம் கிடைக்கும். “ஓனர் ஆஸ்திரேலியாவுக்குக் குடி போறாராம், அவசரமா தள்ளுறாரு.” “டாக்டர் அம்மா காடி, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளிய எடுப்பாங்களாம்.” “புருஷன் பொண்டாட்டி பிரியுறாங்க, பாவம்.” இவர் சொல்கிற கணக்கைப் பார்த்தால், நாட்டை விட்டுப் போகிறவர்கள் அத்தனை பேரும் ஆரஞ்சு நிற டொயோட்டா 86 வைத்திருந்தவர்களாக இருக்க வேண்டும். முதலாளி எங்கே போகிறார் என்று இத்தனை விவரமாகக் கேட்பவர், போன டிசம்பரில் கார் எங்கே நின்றது என்று மட்டும் கேட்க மாட்டார்.

கார் பார்க்கப் போகும்போது கூடவே ஒரு ஃபோர்மேனையும் அழைத்துப் போவார். அவர் பேச்சைக் கேட்பதற்காக அல்ல. ஃபோர்மேன் வந்து பார்த்தார் என்று பிறகு சொல்லிக்கொள்வதற்காக.

அப்படிப் பார்க்கப் போன ஒரு டொயோட்டா 86இன் கதவைத் திறந்ததும் பண்டான் இலை வாசனை. டாக்சிக்காரர்கள் ஒரு கட்டு வைப்பார்கள். இதில் ஒரு தோட்டமே இருந்தது. அதற்கு மேல் கடையில் வாங்கிய எலுமிச்சை வாசனை. இருக்கைக்கு அடியில் ஒரு கிண்ணத்தில் குளுவாங் காப்பித்தூள். “எவ்வளவு சுத்தமா வச்சிருக்கான் பாருங்க,” என்றார் அண்ணன். ஃபோர்மேன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “எதை மறைக்க இவ்வளவு?” என்றார். அண்ணன் அதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

ஃபோர்மேன் முதலில் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். விற்கிறவர்கள் காரில் கழுவாத இடமே இருக்காது. ஆனால் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துக் கழுவ வேண்டும் என்று பல பேருக்குத் தோன்றுவதில்லை. சுருளுக்குள் இருந்த கடைசி முழம் பழுப்பாகக் கோடு போட்டிருந்தது.

“பழைய ஓனர் காப்பி குடிப்பாரு போல,” என்றார் அண்ணன்.

இருக்கை நகரும் தண்டவாளத்திலும் அதன் போல்ட்டுகளிலும் துரு. “டெசாரு கடற்கரைக்கு அடிக்கடி போயிருப்பாங்க, உப்புக் காத்து.” முன்விளக்குக்குள் ஆவி படிந்து நீர்த்துளி. “காலைப் பனி, வெயில் வந்தா போயிடும்.” பின்பெட்டியில் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் காய்ந்த சேறும் ஒரு கொத்துப் புல்லும். இதற்கு மட்டும் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். “வெளியூருக்கெல்லாம் நல்லா ஓட்டியிருக்காங்க. ஓட்டாம வச்சிருந்தாத்தான் காடி கெட்டுப்போகும்.” டாக்டர் அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்த கார் என்பது அதற்குள் அவருக்கே மறந்து போயிருந்தது.

கடைசியாகச் சாவியைத் திருப்பச் சொன்னார் ஃபோர்மேன். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு ஒருமுறை எரிந்து, எல்லாம் சரி என்றால் தானாக அணைய வேண்டும். இதில் எரியவே இல்லை. “விளக்கு எரியலன்னா பிரச்சினை இல்லன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டார் அண்ணன். எரிந்துகொண்டே இருந்தால் வாங்குகிறவன் ஓடிவிடுவான் என்று விளக்கையே பிடுங்கிவிடுகிற கைகள் உண்டு. ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பெரும்பாலான கார்களில் நடுவில், தரையை ஒட்டித்தான் இருக்கிறது. கணுக்கால் தண்ணீர் உள்ளே வந்தாலே அது நனையும். நனைந்தால் மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம், மோதாதபோது விரியவும் செய்யலாம். அண்ணனின் மற்ற விளக்கங்களுக்கெல்லாம் சிரித்துவிட முடிகிறது. இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஸ்போர்ட்ஸ் காருக்கு வெள்ளம் ஏன் கூடுதல் எமன் என்று ஃபோர்மேன் தே தாரிக் கடையில் அவருக்கு வகுப்பே எடுத்தார். தரையோடு தரையாக ஒட்டி ஓடுவதுதான் அந்த வண்டியின் அழகு. சாதாரணக் காரின் சக்கரம் மட்டும் நனைகிற தண்ணீரில் இது உட்கார்ந்து குளிக்கும். டொயோட்டா 86இன் எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். எடை கீழே இருந்தால் வளைவில் வண்டி சாயாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். படுத்திருப்பவனைத்தானே தண்ணீர் முதலில் தொடும்! காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய்விட்டால், காற்றை அமுக்குவது போல அதை அமுக்க முடியாது. அந்த நேரத்தில் யாராவது ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் உள்ளே கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். வளைந்த ராட் கொஞ்ச நாள் ஓடும். எந்த நாள் வரை என்பதை அது சொல்வதில்லை. எஞ்சினைக்கூடப் பிரித்துச் செய்துவிடலாம். கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயர்களை என்ன செய்வது? உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்னும். இன்றைக்கு ஓடுவது நாளைக்கும் ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அண்ணன், “சரி, இதெல்லாம் சொல்லி இன்னும் ரெண்டாயிரம் வெள்ளி குறைக்கச் சொல்லலாமா?” என்றார்.

குறைத்தார்கள். வாங்கினார்.

பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோமில் பி5 பரிசோதனை. சேசிஸ் எண், எஞ்சின் எண் சரியாக இருக்கிறதா, கண்ணாடி அளவுக்கு மேல் கறுப்பா என்று பார்க்கிற பரிசோதனை அது. கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பார்ப்பது அதன் வேலை அல்ல. “அரசாங்கக் கணக்கிலயே பாஸ்!” என்று அந்தத் தாளை ஃபோர்மேனின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். பிறகு தெப்ராவ் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை. நசுக்கிவிட்டு முன்னே போனது வண்டி. வீட்டுக்குத் திரும்புகிற நேரத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை. “அம்மனுக்கு அனுப்ப மனசு வரல,” என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் தாமானுக்கே பொதுச் சொத்தாகிவிட்டது. இடப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் வைப்பர் ஆடும். நடு இரவில் கதவுப் பூட்டுகள் தாமாகத் திறந்து மூடிக்கொள்ளும். காற்றில் ஈரம் ஏறினால் ஹாரன் விட்டு விட்டு அடிக்கும். அதைக் கேட்டதும் பக்கத்து வீட்டு அக்காமார் ஓடிப்போய்க் கொடியில் காயும் துணியை எடுப்பார்கள். வானிலை அறிக்கை ஓரிரு முறை பொய்த்திருக்கிறது. அண்ணனின் கார் பொய்த்ததாகத் தகவல் இல்லை. வெளியே கிளம்பும்போது பின்னாலேயே அவர் மனைவி தன் மைவி காரில் போவார், ஜம்பர் கேபிளோடு. ஒரு நீண்ட விடுமுறையில் எந்தக் கோளாறும் இல்லாமல் மலாக்கா வரை போய் வந்தது. அந்தக் கதையைத்தான் அண்ணன் எல்லோரிடமும் சொல்வார். திரும்பி வந்த மறுநாள் கிளட்ச் போனதை மனைவி சொல்வார்.

சட்டம் படிக்கும் மருமகன் ஒருவன், பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் மாமா, 50,000 வெள்ளி வரை வழக்குக் கேட்பார்கள் என்றான். அண்ணனின் முகம் மலர்ந்தது. யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டான். “கடைக்காரனுக்குக் கமிஷன் ஏன் குடுக்கணும்? நேரடி ஓனர்தான்,” என்றார் பெருமையாக. வியாபாரிமீது என்றால்தான் அந்த மன்றம், தனி ஆள் தனி ஆளுக்கு விற்றதற்கு அங்கே இடமில்லை என்றான் பையன். கையெழுத்துப் போட்ட தாளையும் வாங்கிப் படித்தான். உள்ளது உள்ளபடியே, பார்த்து, திருப்தியாகி வாங்குகிறேன் என்று எழுதியிருந்தது. எழுத்து அண்ணனுடையதுதான். அந்த ரெண்டாயிரம் குறைத்ததற்கு ஈடாக எழுதிக் கேட்டார்களாம்.

இத்தனைக்கும் வெள்ளம் என்ற வார்த்தை இன்று வரை அவர் வாயிலிருந்து வரவில்லை. கண் பட்டுவிட்டது என்பார். ஃபோர்மேன் அன்றைக்கு அபசகுனமாகப் பேசினார் என்பார். ரொம்பவும் நெருக்கினால், “கொஞ்சம் ஈரம் பட்டிருக்கலாம் லா” என்று இறங்கி வருவார்.

போன மாதம் இரண்டு வண்டிக்கும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நாள் வந்தது. வீட்டில் இந்த வேலை மனைவியுடையது. காம்ப்ரஹென்சிவ் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் வெள்ளச் சேதம் பொதுவாக அதில் தானாகச் சேராது. ஸ்பெஷல் பெரில்ஸ் என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அந்த அம்மா மைவிக்குச் சேர்த்திருந்தார். ரசீதைப் புரட்டிப் பார்த்த அண்ணனுக்குச் சுருக்கென்றது.

“என்னம்மா இது, உன் மைவிக்கு மட்டும் வெள்ளத்துக்குப் போட்டிருக்க? என் காடிக்கு வேணாமா?”

“உங்க காடி பார்க்காத வெள்ளமாங்க?”