உரம் வீச வண்டி வாங்கலாமா, அண்ணாச்சி?

கே: குற்றாலம், தென்காசிப் பக்கம் நாலு விடுதிகளில் புல்தரை பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கிறேன். மொத்தம் ஒன்றரை ஏக்கர் இருக்கும். அமெரிக்காவில் ஏறி ஓட்டிக்கொண்டே உரம் தூவும் வண்டி இருக்கிறதாமே, வரவழைக்கலாமா அண்ணாச்சி?
- கீழக்கடையம் வாசகர்

ப: வேண்டாம், தம்பி. கையால் தள்ளிக்கொண்டு போகும் ஸ்பிரெட்டர் ஒரு நடையில் சுமார் மூன்று மீட்டர் அகலத்துக்கு உரம் வீசும். மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஒரு மணி நேரத்தில் 12,000 சதுர மீட்டர், அதாவது மூன்று ஏக்கர் முடியும். உங்கள் ஒன்றரை ஏக்கர் அரை மணி நேர நடை. திரும்பவும் நிரப்பவும் இன்னொரு அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். ஏறி ஓட்டும் வண்டி இதில் கால் மணியோ இருபது நிமிடமோ மிச்சம் பிடித்துத் தரும். அதை லோடு ஆட்டோவில் ஏற்றி, ஒவ்வொரு விடுதி வாசலிலும் பலகை போட்டு இறக்கி, மறுபடி ஏற்றுவதற்குள் அந்த மிச்சமும் போய்விடும்.

உரத்தின் அளவையும் பாருங்கள். யூரியா என்றால் புல்லுக்கு ஒரு தடவையில் சென்ட்டுக்குக் கால் கிலோவைத் தாண்டக் கூடாது என்பது என் கட்சி. 150 சென்ட்டுக்கு முப்பத்தேழரை கிலோ. மூடையே 45 கிலோ. ஒரு மூடை தீராத வேலைக்குப் பல லட்சம் முதல் போடாதீர்கள்.

அமெரிக்காவில் அந்த வண்டி ஓடக் காரணம் உண்டு. வீட்டுக்கு வீடு புல்தரை. காலையில் கிளம்பும் ஆள் தெருத்தெருவாக முடித்துவிட்டுத்தான் திரும்புவார். பெர்மாகிரீன், இசட்-ஸ்ப்ரே என்று அதற்கென்றே செய்கிறார்கள். உரத்தொட்டியும் மருந்து தெளிக்கும் தொட்டியும் ஒரே வண்டியில் இருக்கும். உங்களுக்கும் ஒப்பந்தம் பெருகி, ஒரே நாளில் பத்து ஏக்கர் முடித்தாக வேண்டும் என்ற நிலை வரட்டும். அன்றைக்கு இதே கேள்வியை அனுப்புங்கள், பதில் மாறும்.

கே: அப்படி ஒரு நாள் வந்தால் வண்டியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
- அதே வாசகர்

ப: முதலில் உங்கள் இடங்களில் உள்ள மிகக் குறுகலான கேட்டை அளந்துவிட்டு வாருங்கள். அதற்குள் நுழையாத வண்டி எவ்வளவு உசத்தியானாலும் ரோட்டில்தான் நிற்கும். அடுத்து, சரிவு. மலையடிவாரத்து விடுதிகளில் புல்தரை மட்டமாக இருப்பது அபூர்வம். உட்கார்ந்து ஓட்டுவதைவிட நின்று ஓட்டும் வகை அங்கே நல்லது. வண்டி சாய்ந்தால் குதித்து விலகிவிடலாம். தொட்டியும் சட்டமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ நல்ல பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். உரம் உப்பு, சாதாரண இரும்பைத் தின்றுவிடும். என்ஜின் ஹோண்டா மாதிரி இங்கே புழங்குவதாக இருந்தால் தென்காசி மெக்கானிக்கே பிரித்துப் போட்டுவிடுவார். வேறு ஏதாவது என்றால் ஒரு பெல்ட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

கே: சக்கரம் சுற்றினால் தட்டு சுற்றுகிற ஸ்பிரெட்டரா, பேட்டரியில் சுற்றுவதா?
- ரவணசமுத்திரம் வாசகர்

ப: சக்கரம். நீங்கள் மெதுவாக நடந்தால் தட்டும் மெதுவாகச் சுற்றும், நின்றால் நின்றுவிடும். பேட்டரிக்கு உங்கள் நடை தெரியாது. போன் பேச ஒரு நிமிடம் நின்றீர்கள் என்றால் அந்த இடத்துப் புல் கருகிவிடும்.

கே: ஸ்பிரெட்டர் வைத்துத்தான் உரம் போட்டேன். பத்து நாளில் புல்தரை பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகிவிட்டது. விடுதி மேலாளர் முகத்தில் விழிக்க முடியவில்லை.
- மேலக்கடையம் வாசகர்

ப: உரத்தில் குறையில்லை, ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் விட்ட இடைவெளியில்தான் குறை. சுழலும் தட்டு நடுவில் நிறையவும் ஓரங்களில் கொஞ்சமாகவும் வீசும். ஓரத்தின் மேல் அடுத்த நடையின் ஓரம் விழுந்தால்தான் அளவு சமமாகும். எவ்வளவு தள்ளி நடப்பது என்பதை அந்த வண்டிதான் சொல்ல வேண்டும். சொல்ல வைக்கும் வழி இது.

ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் தட்டுகள் பதினொன்று வாங்குங்கள். தரையில் குறுக்கே வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரு அடி இடைவெளி விட்டு வையுங்கள். நடுத்தட்டுக்கு இரண்டு பக்கமும் சக்கரம் போக வழி இருக்கட்டும். உரம் விழும் வாயைத் திறந்துகொண்டு, தட்டு வரிசையை ஒரே வேகத்தில் கடந்து போங்கள். இப்போது ஒவ்வொரு தட்டில் விழுந்த உரத்தையும் ஒரே மாதிரியான ஒடுக்கமான கண்ணாடி டம்ளர்களில் கொட்டி, அதே வரிசையில் அடுக்குங்கள். நடு டம்ளரில் உரம் உயர்ந்து நிற்கும். இரு பக்கமும் உயரம் சரிந்துகொண்டே போகும். நடு உயரத்தில் பாதி உள்ள டம்ளர் இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று பாருங்கள். அந்த இரண்டு தட்டுகளும் இருந்த இடத்துக்கு இடையே டேப் பிடியுங்கள். அதுதான் உங்கள் நடை இடைவெளி. ஒரு பக்கத்து டம்ளர்கள் மட்டும் உயர்ந்து நின்றால் வண்டி ஒருசாய்வாக வீசுகிறது என்று அர்த்தம். வண்டியின் சுழலும் தட்டில் உள்ள இறக்கைகளில் உரம் அப்பியிருக்கும், சுரண்டி எடுங்கள். உரம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யுங்கள். யூரியா மணி லேசு, டிஏபி மணி கனம். கனமானது தள்ளிப் போய் விழும். ஆயிரக்கணக்கில் கொட்டி வண்டி வாங்குகிறவர்கள்கூட இந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்க மறுக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

கே: அப்படியானால் யூரியாவையும் பொட்டாஷையும் கலந்து ஒரே தடவையில் வீசலாமா?
- முதலியார்பட்டி வாசகர்

ப: கையால் வீசினால் வீசலாம், கலந்த உடனே. ஸ்பிரெட்டரில் போட்டால் இரண்டும் வேறு வேறு தூரத்தில் விழும். தனித்தனி நடைதான் சரி.

கே: சாரல் நேரத்தில் உரம் போட்டால் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை மிச்சம்தானே?
- பொட்டல்புதூர் வாசகர்

ப: தூவிய பிறகு மெல்லிய சாரல் விழுந்தால் யூரியா கரைந்து மண்ணுக்குள் இறங்கும், காற்றில் ஆவியாகிப் போகாது. ஆனால் தூவும்போதே சாரல் என்றால் வேலை கெடும். ஆனி, ஆடியில் நம் பக்கத்துக் காற்றிலேயே ஈரம் இருக்கும். பிரித்து வைத்த மூடையில் யூரியா மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும், விரலால் நசுக்கினால் பிசுபிசுக்கும், ஸ்பிரெட்டரின் வாயில் அடைத்துக்கொள்ளும். ஈரப்புல்லில் மணி ஒட்டினால் இலையும் கருகும். பெருமழைக்கு முன்னால் போடவே கூடாது. ராமநதிக்கும் கடனாநதிக்கும் இடையில் இருக்கிறோம். இங்கே கழுவிப் போவது கடனாநதி வழியாகத் திருப்புடைமருதூரில் தாமிரபரணியில் கலக்கிறது. அதைக் குடிக்கிறவர்கள் நமக்குக் கீழே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கே: நெல்வயலுக்கு இந்த வண்டியெல்லாம் ஆகாதா? பிசானத்தில் உரம் வீச ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறோம்.
- சிவசைலம் விவசாயி

ப: அடியுரத்துக்கு ஆகும், உழவு நேரத்தில் டிராக்டரின் பின்னால் மாட்டுகிற உரம் வீசும் தொட்டியை வாடகைக்கு எடுக்கலாம். நட்ட பிறகு தொளிக்குள் எந்தச் சக்கரமும் இறங்க முடியாது. மேலுரத்துக்குக் கை, இல்லையென்றால் தோளில் மாட்டிக் கையால் சுற்றுகிற தூவி. அந்தத் தூவி சில ஆயிரம் ரூபாய்தான். நாலைந்து சம்சாரிகள் சேர்ந்து ஒன்று வாங்கிவிடலாம்.

ஆள் தட்டுப்பாட்டுக்கு இன்னொரு மருந்து, தேவையில்லாமல் ஒரு தடவை வீசாமல் இருப்பது. இலை வண்ண அட்டையைப் பயிரின் இலையோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். பச்சை போதும் என்று அட்டை சொன்னால் அந்த வாரம் உர மூடையைப் பிரிக்க வேண்டியதில்லை.

கே: ட்ரோன் வந்துவிட்டதே, அதில் நானோ யூரியா அடித்தால் மூடையே வேண்டாம் என்கிறார்களே?
- கோவிந்தப்பேரி வாசகர்

ப: ட்ரோன் நல்ல கருவி, மருந்தடிக்க. ஆளை விஷப்புகைக்கு வெளியே நிறுத்துகிறது. அந்த ஒன்றுக்காகவே அதை வரவேற்கிறேன். ஓட்டுகிறவரிடம் 2021 ட்ரோன் விதிகளின்படி சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரப்பில் தென்னை நிற்கிற வயல் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். மூடைக்குப் பதிலாக பாட்டில் என்பதை மட்டும் நம்பாதீர்கள். 2021-ல் இஃப்கோ கொண்டுவந்த அரை லிட்டர் பாட்டிலில் நைட்ரஜன் 4 சதவீதம், அதாவது 20 கிராம். ஒரு மூடை யூரியாவில் இருப்பது 20 கிலோவுக்கும் மேல். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் சோதனையில், யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்தபோது நெல்லும் கோதுமையும் விளைச்சலில் பின்தங்கின.

கே: யூரியா மூடை 266 ரூபாய் 50 காசுதான். விடுதிப் புல்லுக்கும் அதையே வாங்கிப் போட்டால் என்ன?
- மாதாபுரம் வாசகர்

ப: அந்த விலை அரசு மானியத்தால் வந்தது. பிசானத்தில் ஆதார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டுறவுச் சங்க வாசலில் நிற்கிற சம்சாரிக்காக வந்தது. அவர் வரிசையில் புல்தரைக்காரர் போய் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. புல்லுக்கு மண்புழு உரத்தைச் சலித்துக் காயவைத்துப் போடுங்கள். வெட்டிய புல்லையும் வாரிக் கொட்டாமல் தரையிலேயே விடுங்கள். அதில் உள்ள நைட்ரஜன் திரும்ப வேருக்குத்தான் போகும். இந்தச் செலவை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதுங்கள். அறை வாடகை வாங்குகிறவர்கள் கொடுப்பார்கள்.

கே: கிரிக்கெட் மைதானத்துக்காவது ஏறி ஓட்டுகிற வண்டி வேண்டும்தானே?
- ஆழ்வார்குறிச்சி வாசகர்

ப: எழுபது மீட்டர் எல்லைக்கோடு வைத்த மைதானம் நாலு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தள்ளுவண்டியில் ஒன்றேகால் மணி நேர நடை. திருநெல்வேலி சங்கர் நகர் மாதிரி பெரிய ஆட்டம் நடக்கிற இடத்தில், வாரம் தோறும் தரையைப் பார்க்க வேண்டும் என்றால் வண்டி நியாயம். அங்கேயும் அகலமான, பல்லில்லாத டயர் வேண்டும். ஈரத்தில் ஓட்டக் கூடாது. அழுந்திய மண்ணில் அருகு வேர்விடாது.

கே: உரம் வீசி வீசி உள்ளங்கை வெடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போடுகிறேன். வேறு வழி உண்டா?
- வெங்காடம்பட்டி விவசாயத் தொழிலாளி

ப: உண்டு தாயி. ரப்பர் கையுறை. வேலைக்குக் கூப்பிடுகிறவர்தான் அதை வாங்கித் தர வேண்டும், கூலியில் பிடிக்காமல். கை வெடித்திருக்கும்போது உரத்தைத் தொடவே கூடாது, ஆறட்டும். வேலை முடிந்ததும் வயலிலேயே நல்ல தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, அப்புறம் எண்ணெய் தடவுங்கள். ஒரு ஏக்கர் வயல் வைத்திருக்கிறவர் ஸ்பிரெட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது இந்தக் கையுறையைத்தான்.

கே: என் எலுமிச்சைத் தோட்டத்துக்கு எந்த ஸ்பிரெட்டர்?
- திருமலையப்பபுரம் வாசகர்

ப: மண்வெட்டி. தூரை ஒட்டிப் போடாமல், கிளை நுனிக்குக் கீழே வட்டமாகப் பறித்து, உரத்தை இட்டு மூடித் தண்ணீர் விடுங்கள்.