அரைத்த மாவில் அரிசி

எங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கில் பயனர் கணக்குகளை நிர்வகிக்க ஒரு கூடுதல் கருவி நிறுவியிருக்கிறார்கள். இனி என் பாஸ்வேர்டு அட்மினுக்குத் தெரிந்துவிடுமா?
– வாசகர், கல்பாக்கம்

தெரியாது. சர்வரில் இருப்பது பாஸ்வேர்டு அல்ல, அதை அரைத்த மாவு. மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியுமா? அட்மினால் புதிய பாஸ்வேர்டு கொடுக்க முடியும், பழையதைப் படிக்க முடியாது. ஆனால் பிள்ளையின் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஜாக்கிரதை! திருடன் ஒவ்வொரு அரிசியாக அரைத்துப் பார்த்தே பிடித்துவிடுவான்.

அந்தக் கருவியை இணையத்தில் தேடி இறக்கிக்கொள்ளலாமா?
– வாசகி, சதுரங்கப்பட்டினம்

வீட்டில் இருப்பதை ஏன் வெளியே தேடுகிறீர்கள்? விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து ‘ஆர்சாட்’ (RSAT) என்னும் அந்த நிர்வாகக் கருவிகளை செட்டிங்ஸ் வழியாகவே சேர்த்துக்கொள்ளலாம். (ஹோம் பதிப்பில் வராது.) கண்ட கடையில் பூட்டு வாங்கினால் மாற்றுச் சாவி கடைக்காரரிடம் இருக்கும்.

அணுமின் நிலையத்தின் உள் நெட்வொர்க்கில்தான் இணையமே கிடையாதே, பிறகு எதற்குப் பயம்?
– வாசகர், புதுப்பட்டினம்

2019-இல் கூடங்குளத்தில் வைரஸ் புகுந்தது உலைக்குள் அல்ல, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினிக்குள். முக்கியமான உள் நெட்வொர்க் தனியாக இருந்ததால் உலைக்கு ஆபத்தில்லை. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு கும்பிடு. என்னை உறுத்துவது வேறு. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘சர்ட்-இன்’ அதைக் கவனித்தது செப்டம்பர் 4. அணுமின் கழகம் ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டது அக்டோபர் 30. நடுவில் 56 நாள், உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை இல்லை.