லினக்ஸுக்கு முதல் பேட்ச்

கேள்வி: லினக்ஸ் கெர்னலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியும்விட்டேன். நேரே லினஸ் டோர்வால்ட்ஸுக்கே அனுப்பிவிடலாமா?

பதில்: பட்டா மாற்ற முதலமைச்சர் வீட்டுக்கா போவோம்? கெர்னலில் பகுதிக்கொரு பொறுப்பாளர் உண்டு; யாருக்கு அனுப்புவது என்பதை 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்டே சொல்லிவிடும். முதலில் 'செக்பேட்ச்' ஓட்டிப் பாருங்கள், வரி முடிவில் மிஞ்சிய வெற்றிடத்தைக்கூடக் காட்டிக்கொடுக்கும். ஒரு பேட்சில் ஒரே திருத்தம். என்ன மாற்றினீர்கள் என்பதைக் கோடே சொல்லும். ஏன் மாற்றினீர்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும், அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கீழே 'சைன்ட்-ஆஃப்-பை' என்று உங்கள் பெயர், மின்னஞ்சல் முகவரி: 2004-ல் வந்த விதி. குறை சொல்லிப் பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள், யாரோ வரிவரியாகப் படித்திருக்கிறார்! திருத்தி, தலைப்பில் 'வி2' போட்டு மறுபடி அனுப்புங்கள். பதிலே வராவிட்டால், ஒரு வாரமாவது பொறுத்து நினைவூட்டுங்கள்.