முதல்ல திருப்பிப் போடு

1980களில் சாத்தான்குளம், நாசரேத் பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில், பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைக்கு இரண்டு வழிகள்தாம் பேசப்பட்டன: டீச்சர் ட்ரெயினிங், இல்லையென்றால் நர்ஸிங். டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் கிடைப்பது பெரும்பாடு. நர்ஸிங்குக்குச் சபைப் போதகரான ஐயர் ஒரு கடிதம் கொடுத்தால் மிஷன் ஆஸ்பத்திரியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ், அதற்குப் பிறகு மார்க் ஷீட். இந்த வரிசையில்தான் என் அப்பா ஃபைலில் அடுக்கினார். அப்பா உபதேசியார். "ஒரு பிள்ளையை ஊழியத்துக்குக் கொடுத்துட்டேன்" என்று அசனப் பண்டிகைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். தாய்மாமா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "கண்டவன் பீ மூத்திரம் அள்ளவா பிள்ளையைப் படிக்க வச்சிய? நைட் டூட்டி பார்க்கிறவள எவன் வந்து கட்டுவான்?"

அந்த மாமாவின் பேரனுக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள். நர்ஸிங் படித்த பெண்ணாக வேண்டுமாம், லண்டனில் வேலை என்றால் ரொம்ப நல்லதாம். சபையில் யார் வீட்டில் பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்த பெண் இருக்கிறாள் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். விசாரித்துச் சொல்கிறேன். எங்கள் தலைமுறையில் கல்யாணமே ஆகாமல் ஹாஸ்டல் அறையிலேயே ரிட்டயர் ஆன அக்காமார் முகங்கள் அப்போது மனசில் வந்து போகும். அவர்கள் யாரும் துறவறம் நேர்ந்துகொண்டு வந்தவர்கள் இல்லை. கேட்டு வந்த மாப்பிள்ளை வீடுகள் நைட் டூட்டி என்றதும் திரும்பிப் போய்விட்டன.

மாமா பேசியதை அவர் ஒருவர் பேச்சாக நான் எடுத்துக்கொண்டதில்லை. அன்னியனுடைய உடம்பைத் தொடுவது, ரத்தத்தையும் மலத்தையும் துடைப்பது, இதெல்லாம் நம் ஊரில் இன்னாருடைய வேலை என்று சாதி கட்டி வைத்திருந்தது. அதனால்தான் நர்ஸாக ஆள் கிடைப்பது அத்தனை கஷ்டமாக இருந்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டி 1946இல் அறிக்கை கொடுத்தபோது, பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஏறக்குறைய 7,000 நர்ஸுகள்தாம் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள், மிஷன் ஆஸ்பத்திரிகளில் படித்தவர்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். அதே வேலூரிலும் டெல்லியிலும் 1946இல் நர்ஸிங் பட்டப்படிப்பு வந்தது. எங்கள் நாசரேத்திலேயே ஸ்ட்ராக்கன் என்ற மிஷனரி டாக்டர் 1870இல் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஊர் ஒதுக்கிய வேலையை எங்கள் பாட்டிமார் கையில் எடுத்தார்கள். இதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

முதல் ஆறு மாத ஆரம்பப் பயிற்சியைப் பி.டி.எஸ். (PTS) என்பார்கள். தொப்பி கிடையாது. வெள்ளைச் சேலையை விறைப்பாகக் கஞ்சி போட்டுக் கட்ட வேண்டும். காலை ஆறு மணிக்கு சேப்பல், பாமாலையில் ஒரு பாட்டு, வேதவாசிப்பு, அப்புறம் வார்டு. போன முதல் வாரமே நோயாளிக்கு ஊசி போடுவோம் என்று நினைத்துக்கொண்டு போனவர்களுக்குக் கிடைத்தது படுக்கை விரிக்கும் பாடம். ஷீட், அதற்குமேல் மேக்கின்டாஷ் என்கிற ரப்பர் விரிப்பு, அதற்குமேல் குறுக்கே போடுகிற ட்ரா ஷீட். நான்கு மூலையிலும் உறை மடிக்கிற மாதிரி கார்னர் மடிக்க வேண்டும். ட்யூட்டர் வந்து உள்ளங்கையால் ஷீட்டை நீவிப் பார்ப்பார். ஒரு சுருக்கம் இருந்தால் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிடுவார். "இந்தச் சுருக்கம்தான் நாளைக்குப் புண்" என்பார். அவர் குரலைச் சத்தமாக நான் கேட்டதே இல்லை. எனக்கு நர்ஸிங் கற்றுக்கொடுத்தவர்களில் அவருக்குத்தான் முதல் இடம்.

அன்றைய வார்டை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கண்ணாடி சிரிஞ்சைக் கழற்றி, துணியில் சுற்றி, ஸ்டெரிலைசரில் கொதிக்க வைப்போம். மழுங்கிய ஊசியைக் கல்லில் தேய்த்துக் கூர் ஏற்றுவார்கள். ரப்பர் கையுறையைக் கழுவி, காற்று ஊதி ஓட்டை பார்த்து, பவுடர் போட்டு, ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தி வார்டு வார்டாகப் பரவியதும் கண்ணாடி சிரிஞ்சின் காலம் முடியத் தொடங்கிவிட்டது.

மாலை ஆறு மணிக்கு வார்டு ஜெபம். சீனியர் அக்காவும் ஜூனியரும் கட்டில் கட்டிலாகப் போய் ஒரு பாட்டு பாடி ஜெபிப்போம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் கிடையாது. அநேகமாக எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் ஒரு பனையேறி இருந்தார். பதநீர் இறக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பு ஒடிந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் இல்லாத வார்டே அப்போது இருக்காது. அக்கா பாடி முடித்து ஜெபத்துக்குக் கண்ணை மூடியதும் அவர் சொன்னார்: "ஜெபத்தைப் பொறவு வச்சிக்கிடலாம் பிள்ள. முதல்ல என்னையத் திருப்பிப் போடு. தோள்பட்டை வலிக்கி."

அக்கா கண்ணைத் திறந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ட்ரா ஷீட்டின் ஒரு நுனியை என் கையில் கொடுத்து, மறுநுனியைத் தான் சுருட்டிப் பிடித்தார். சேர்ந்து இழுத்து, அவரை இடப்பக்கமாக ஒருக்களித்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் கட்டிலில் படாமல் கெண்டைக்காலுக்கடியில் மடித்த போர்வை. வால் எலும்புப் பக்கம் உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது. அந்த இடத்தில் அவருக்கு வலியே தெரியாது. தோள்பட்டை வலித்ததால்தான் கேட்டார். கேட்டதால்தான் நாங்கள் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் அக்கா ஜெபித்தார். என் விசுவாசம் அன்று குறையவில்லை. அதுவரை சேப்பலில் இருந்த விசுவாசம் வார்டுக்குள் வந்தது அந்த மாலையில்தான்.

அந்தச் சிவப்பின்மேல் நாங்கள் ஸ்பிரிட் தடவி நன்றாகத் தேய்த்து, பவுடர் போட்டோம். பேக் கேர் என்றால் அப்போது அதுதான். இடுப்புக்கடியில் காற்றடைத்த ரப்பர் வளையம் வைப்போம். இன்றைய நெறிமுறைகள் இரண்டையும் கூடாது என்கின்றன: சிவந்த தோலைத் தேய்த்தால் உள்ளே இருக்கிற திசு இன்னும் சிதையும்; வளையம் தன்னைச் சுற்றியுள்ள இடத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். டொரீன் நார்ட்டன் என்ற ஆங்கில நர்ஸ், முதியோர் வார்டுகளில் பார்த்த ஆராய்ச்சியை 1962இலேயே வெளியிட்டிருந்தார். பூசுகிற மருந்தைவிட, ஆளை நேரம் தவறாமல் திருப்பிப் போடுவதுதான் புண்ணைத் தடுக்கிறது என்பது அதன் சாரம். பனையேறி படுத்த இடத்திலிருந்து சொன்னதும் அதைத்தான்.

தொப்பி போடும் நாளில் கையில் விளக்கேற்றி, நைட்டிங்கேல் பெயரில் உறுதிமொழி எடுத்தோம். அந்த உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893இல் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற நர்ஸ் தலைமையில் எழுதப்பட்டது. கிரிமியப் போரில் விளக்கோடு நடந்த அம்மையாரைத்தான் எங்களுக்குக் காட்டினார்கள். போரில் செத்த சிப்பாய்களில் எத்தனை பேர் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் அசுத்தத்தால் வந்த நோயால் செத்தார்கள் என்று கணக்குப் போட்டு, வண்ணப் படமாக வரைந்து, அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டிய நைட்டிங்கேலை எங்களுக்கு யாரும் காட்டவில்லை. 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர். அந்த நைட்டிங்கேலைச் சொல்லிக்கொடுத்திருந்தால், சம்பளத்தைக் கேட்க எங்களுக்கு வாய் வந்திருக்கும். படிப்பு முடிந்து கட்டாயமாக வேலை பார்த்த இரண்டு வருஷ பாண்டில், கைக்கு வந்த சொற்பத் தொகையை வாங்கிக்கொண்டு, "இது ஊழியம்" என்ற ஒரே பதிலில் எத்தனை பிள்ளைகள் அடங்கிப்போனோம்!

தங்கச்சி மகள் போன வருஷம் பி.எஸ்ஸி. நர்ஸிங் சேர்ந்தாள். செமஸ்டர் முறை. சேலையும் இல்லை, தொப்பியும் இல்லை. ஸ்கில் லேபில் பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகிவிட்டுத்தான் மனிதரிடம் போகிறார்கள். நல்ல ஏற்பாடு; எங்கள் காலத்து நோயாளிகளின் கைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வகுப்பில் பையன்களும் படிக்கிறார்கள். சாயங்காலம் ஜெர்மன் வகுப்பு, பி2 வரை முடிக்க வேண்டுமாம். வீட்டில் எல்லாரும் அவள் போகப்போகிற நாட்டைப் பேசுகிறார்கள். நான் அவளிடம் வார்டைக் கேட்டேன்.

"நைட்டுல முப்பது பேருக்கு ஒரு ஸ்டாஃப் பெரியம்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும்னு சார்ட்ல இருக்கு. திருப்புறதுக்கு ரெண்டு ஆள் வேணும்லா?"

அவள் சொன்னது கிளினிக்கல் பயிற்சிக்குப் போன ஒரு தனியார் ஆஸ்பத்திரியை. இந்தியன் நர்ஸிங் கவுன்சில் சாதாரண வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது. பயிற்சி ஆஸ்பத்திரியில் மூன்றுக்கு ஒருவர். 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஜெர்மன் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்து "ஊழிய வாஞ்சை போச்சு" என்று வருத்தப்படுகிற பெரியவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை படிக்க வேண்டும். அவள் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். இங்கேயே இருந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் தனியாளாக முப்பது பேரைத் திருப்பச் சொல்லிவிட்டு, அன்பு போதவில்லை என்று அவளைக் குறை சொல்ல நான் யாரையும் விடமாட்டேன்.

நர்ஸுகள் தினமான மே 12ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் சபையில் நர்ஸுகளை எழுப்பி நிறுத்தி ஜெபிக்கிறார்கள். நானும் எழுந்து நிற்கிறேன். எங்கள் சபைப் பெரியவர்களில் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி கமிட்டிகளில் உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வருஷம் ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் போய், அவர்களை வைத்து ஒரு கூட்டம் போடக் கேட்டேன். "என்ன பேசணும்னு எழுதிக் கொடுங்க சிஸ்டர்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன்: படுத்த படுக்கையாக இருக்கிற நோயாளிகள் எத்தனை, அவர்களில் புண் வந்தவர்கள் எத்தனை, இரவில் வார்டுக்கு எத்தனை நர்ஸ், சம்பளம் எவ்வளவு என்று ஆஸ்பத்திரி வாரியாகக் கணக்குக் கொண்டுவர வேண்டும், குறைந்தது இரண்டு நர்ஸ் இல்லாமல் எந்த வார்டிலும் நைட் டூட்டி போடக் கூடாது.