கன்று கொடுக்கும் கனவான்

முத்தாபுதுப்பேட்டையில் புதுவீட்டில் பால் காய்ச்சுகிறவர்களுக்கு அழைக்காமலே வருகிற விருந்தாளிகள் இரண்டு பேர். ஒருவர் கேபிள்காரர். இன்னொருவர் கையில் தயிர் டப்பாவும், டப்பாவுக்குள் ஒரு ஸ்பைடர் பிளான்ட் கன்றும் வைத்திருப்பவர். கேபிள்காரரை "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடலாம். இவரிடம் அது நடக்காது.

தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். பெரும்பாலும் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டி-72 டாங்கிக்கு போல்ட் இறுக்கிய கை பென்ஷன் வந்த பிறகு சும்மா இருக்குமா? தொட்டி மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டது. அந்த ஃபேக்டரியை நடத்திவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தை மத்திய அரசு 2021 அக்டோபரில் 7 கம்பெனிகளாகப் பிரித்ததில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் ஒரு தொட்டியைப் பத்தாகப் பிரிப்பதில் அவருக்கு எந்தத் தயக்கமும் கிடையாது.

அவருக்கு வாய்த்த செடியும் அப்படிப்பட்டது. ஆப்பிரிக்காவில் பிறந்து, ஊர் ஊராகப் போய், கடைசியில் அவருடைய கிரில் கம்பியில் வந்து தொங்குகிறது. நடுவிலிருந்து நீளமாகக் காம்பு விடும்; அதில் சின்னச் சின்னதாய் வெள்ளைப் பூ; பூ முடிந்த இடத்தில் கன்று. அந்தக் கன்று அந்தரத்தில் ஆடும்போதே அடியில் வேர் முளைவிட்டுத் தயாராக இருக்கும். மண்ணைக் காட்டினால் போதும், பிடித்துக்கொள்ளும். கொடுக்காமல் இருக்க முடியாத மனிதரும் குட்டி போடாமல் இருக்க முடியாத செடியும் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் கதி என்ன?

"இடமே இல்லையே சார்" என்று சொல்லிப் பாருங்கள்.

"தொங்கவிடற செடிக்கு எதுக்கு இடம்? ஆணி இருக்குல்ல?"

ஆணி இல்லை என்றால் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

தொட்டி மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்க வேண்டும். முந்தின நாளே தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி வைத்திருப்பார். வாசலில் பழைய பேப்பரை விரித்து, தொட்டியைச் சாய்த்து, பக்கவாட்டில் நாலு தட்டு தட்டுவார். மண்கட்டியோடு செடி அப்படியே நழுவி வரும். வெளியே பார்த்தால் புல். உள்ளே பார்த்தால் தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி வெள்ளை வெளேரென்று பருத்த வேர்கள், ஒன்றையொன்று சுற்றி இறுக்கிக்கொண்டு கிடக்கும். செடி தண்ணீரைச் சேமித்து வைக்கிற இடம் அதுதான். அந்த வேர்கள்தான் மண்ணை மேலே தள்ளி, பிளாஸ்டிக் தொட்டியை உப்பவைத்துக் கடைசியில் விரிசல் விடச் செய்கின்றன. விரலால் மெல்லச் சிக்கெடுத்து, அழுகிப் பழுப்பானதை மட்டும் நறுக்குவார். சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற நமக்கும் பாடம் உண்டு.

"புதுத் தொட்டி பழசைவிட 2 இன்ச்தான் அகலமா இருக்கணும். ஒரேயடியா பெருசா வெச்சா மண்ணு காயாது, வேர் அழுகிடும். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. அடியில ஓட்டை இருக்கா? எடுங்க, கம்பியைக் காய்ச்சி நானே போடறேன்."

கன்று கொடுத்ததோடு விட்டால் அவரை வள்ளல் என்றே சொல்லிவிடலாம். கொடுத்துவிட்டு இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறாரே, அங்கேதான் சிக்கல். காலை நடை முடிந்து திரும்பும்போது கேட்டுக்கு வெளியே நின்றபடியே கண்ணால் அளப்பார்.

"ஏம்மா, தண்ணி ஊத்தறியா?"

"தினமும் ஊத்தறேன் அங்கிள்."

"தினமுமா! செடி வளக்கறியா, மீன் வளக்கறியா? விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாரு. காஞ்சிருந்தா ஊத்து."

இலை நுனி பழுப்பாகி இருந்தால் விசாரணை நீளும். என்ன தண்ணீர்? போர் தண்ணீரா? உப்பு. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரா? அதைவிட உப்பு. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறீர்களா? இல்லை. சித்திரை வெயிலில் நேராகக் காட்டினீர்களா? ஆமாம். குற்றவாளி நாம்தான் என்பது ருசுவாகிவிடும். பழுத்த நுனியை அவரே கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டி, நிழலுக்கு மாற்றிவிட்டுப் போவார்.

ஒரு நாள் ஐ.டி.யில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி அவரை மடக்கப் பார்த்தாள். இந்தச் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசாவே சொல்லியிருக்கிறது என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். "அங்கிள், அது 1980-கள்ல மூடின பெட்டிக்குள்ள வெச்சுப் பண்ணின சோதனை. 2019-ல வந்த ஆய்வைப் படிங்க. ஜன்னலைத் திறந்து வெச்சா கிடைக்கிற பலன் செடியால கிடைக்கணும்னா, ஒரு சதுர மீட்டருக்குக் குறைஞ்சது 10 செடி வேணுமாம். சமயத்துல 1000 கூட வேணுமாம்" என்றாள்.

அவர் சற்று யோசித்தார்.

"பத்துதானே? சாயங்காலம் கொண்டாந்துடறேன்."

அவருடைய செல்வாக்கு முத்தாபுதுப்பேட்டையோடு நிற்பதில்லை. இங்கே இருக்கும் விமானப்படைக் குடியிருப்புக்காரர்களுக்குச் சில வருஷத்துக்கொரு முறை மாற்றல் வரும். கட்டில் பீரோவோடு கன்றும் லாரியில் ஏறும். ஜோத்பூர் பால்கனியில் ஒன்று, ஜோர்ஹாட் சமையலறை ஜன்னலில் ஒன்று என்று போட்டோக்கள் அவருடைய வாட்ஸாப்புக்கு வந்துகொண்டே இருக்கும். தன் மகனுக்கு எந்த ஊரில் வேலை என்று கேட்டால் ஒரு கணம் தடுமாறுவார். கன்றுகள் எந்தெந்த ஊரில் என்பதில் மட்டும் தடுமாற்றமே இல்லை.

போன வருஷம் அப்படிப் போன குடும்பம் ஒன்று மாற்றலாகி இங்கேயே திரும்பி வந்தது. வந்த கையோடு பீங்கான் தொட்டியில் ஒரு செடியைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினார்கள். "உங்க செடியோட பேரப்பிள்ளை சார்."

மனிதர் நெகிழ்ந்துவிடுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். வாங்கினார். தூக்கி அடியைப் பார்த்தார். ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வளர்ப்பு சரியில்லையே" என்றார். "உள்ள வைங்க, தொட்டி மாத்திக் குடுக்கறேன்."

அவர்கள் கொண்டுவந்தது ஒரு செடி. மறுநாள் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனது நாலு.